பதினோரு பேர் கட்டிய சேலை

சென்னை
18-1-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலுக்கு நான் வரவில்லை என்ற கோபம் இன்னும் இருக்கும். இந்தக் கடிதம் அதற்குச் சமாதானம் சொல்ல அல்ல.

அம்மாவிடம் போனில் சொல்லி உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது அம்மாவுக்குத் தெரிந்த விஷயம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுடன் போனில் பேசுவதென்றால் கத்த வேண்டும். அருப்புக்கோட்டைத் தறிக்கூடம் இருபது வருஷத்தில் உங்கள் காதை வாங்கிக்கொண்டது. இங்கே ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேர். கத்திச் சொல்லக்கூடியதில்லை இது.

என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டதேயில்லை. கடலோரத்தில் ஒரு தர்ம அறக்கட்டளை நூறு வருஷத்துக்கு மேல் மனநோயாளர் விடுதி நடத்தியது. அதை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அங்கிருந்த கோப்புகளும் புகைப்படங்களும் எங்கள் காப்பகத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றைத் தூசி தட்டி, எண் போட்டு, ஸ்கேன் செய்வதுதான் என் வேலை. ஒருவர் உள்ளே வந்த அன்று ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். குணமானதும் வீட்டுக்கு அனுப்புவதற்காக இன்னொரு படம். கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து அதில் எண்ணும் பெயரும் எழுதியிருப்பார்கள். மிகப் பழைய படங்களில் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும். தலை அசையாமல் இருக்க நோயாளியின் மோவாயைப் பிடித்திருக்கும் காவலாளின் கை. ஆரம்பத்தில் எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. முகங்களைப் பார்க்க அல்ல.

செவ்வாய்க்கிழமை ஒரு படம் வந்தது. நம் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் குருவம்மா சாமியின் படம் அது.

சாயல் என்று நினைத்துவிடாதீர்கள். அதே படம். நம் வீட்டில் இருப்பதில் பொட்டு, ஜிமிக்கி, மூக்குத்தி எல்லாம் இருக்கின்றன. இதில் எதுவும் இல்லை. இடது புருவத்து மச்சம் இரண்டிலும் இருக்கிறது. வலது காதின் அறுந்த துளை இரண்டிலும் இருக்கிறது. நம் படத்தில் அந்த அறுந்த காதிலும் ஒரு ஜிமிக்கி வரைந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் படத்தில் சேலைக் கரை வருகிற இடத்தில் இதில் சிலேட்டு இருக்கிறது. "பெண்கள் பகுதி 212. குருவம்மாள். வயது 34. 11-9-1986."

உங்கள் அக்கா, என் அத்தை, 1971-இல் பத்தொன்பது வயதில் மஞ்சள்காமாலையில் இறந்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். சின்ன வயதில் ஒருமுறை, சாமி ஏன் அம்மாவைவிட வயசாகத் தெரிகிறது என்று கேட்டேன். நீங்கள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்குப் புரியவில்லை அப்பா. எழுதுங்கள்.

சுகப்பிரியா


29-1-2024

சுகப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். இந்த வருஷமும் மழை கடைசியில் பெய்து கெடுத்தது. மல்லி பாதிதான் வந்தது.

அக்காவுக்கு போட்டோ எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் யார் எடுத்தார்கள்? அருப்புக்கோட்டை ஸ்டுடியோக்காரனிடம் அடையாளம் சொன்னேன். அவன் யாரோ ஒருத்தி படத்தை வைத்து நகை வரைந்து கொடுத்தான். அந்த ஒருத்தி நீ சொல்கிற இடத்தில் இருந்தவளாக இருக்கலாம். பேர் ஒன்றாக இருப்பதில் என்ன அதிசயம்? திருச்சுழி பஸ்ஸில் ஏறி நின்று குருவம்மா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

உன் அண்ணன் மதன்குமாருக்குப் பாலவனத்தத்தில் பெண் பார்த்திருக்கிறோம். நல்ல இடம். உன் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். பைத்தியக்காரர்கள் படத்தைத் துடைக்கவா உன்னை டிகிரி படிக்க வைத்தேன்? நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சிவராத்திரிக்கு வந்துவிடு. பெண் வீட்டாரும் அன்று வருகிறார்கள். இந்தப் பேச்சை உன் அம்மாவிடம் எடுக்க வேண்டாம்.

தவசி


சென்னை
6-2-2024

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உங்களை நம்பிவிட்டேன். உண்மையிலேயே மனம் லேசாகிவிட்டது. ஹாஸ்டலில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள், 212-இன் கோப்பு பழைய கட்டு ஒன்றிலிருந்து வெளியே வந்தது.

தந்தை பெயர் வீரணன். ஊர் நம் ஊர். திருச்சுழி வழி. சேர்த்த தேதி 1971 அக்டோபர் 4. தாத்தாவின் கைநாட்டு இருக்கிறது. அன்று எடுத்த படமும் இருக்கிறது. தலைமுடி வெட்டப்பட்டு, எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காது அப்போதே அறுந்துதான் இருக்கிறது.

1986 செப்டம்பரில் விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. முற்றிலும் குணமாகிவிட்டார், வந்து அழைத்துச் செல்லவும், அடையாளத்துக்குப் புகைப்படம் இணைத்துள்ளோம் என்று எழுதியிருக்கிறார்கள். கடிதம் தாத்தா பெயருக்குப் போகவில்லை. உங்கள் பெயருக்குப் போயிருக்கிறது. ஏன் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு: "தம்பிக்கு எழுத்துத் தெரியும், அவன் பேருக்குப் போடுங்கள் என்று நோயாளி கேட்டுக்கொண்டார்."

அடுத்த தாளாக ஒரு தபால் கார்டு. "இந்த விலாசத்தில் குருவம்மாள் என்று யாரும் இல்லை. அந்தப் பெயரில் இருந்தவர் இறந்து பதினைந்து வருடம் ஆகிறது. இனிமேல் கடிதம் எழுத வேண்டாம்." கீழே கையெழுத்து இல்லை. அது தேவையும் இல்லை. உங்கள் ஜனவரிக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் வலது பக்கம் சாய்ந்து, வரி முடிகிற இடத்தில் கீழே இறங்கிவிடுகின்றன.

அத்தை 2003 வரை உயிரோடு இருந்தார். எனக்கு அப்போது இரண்டு வயது.

இத்துடன் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் இந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள், புத்தகமும் வருகிறது. இறந்து நூறு வருஷம் ஆகாதவர்களுக்குக் குடும்பத்தின் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதித்தால் முகமும் பெயரும் வரும். பதிலே வராவிட்டால் பெயர் இல்லாமல், கண்ணில் கறுப்புப் பட்டையோடு, எண்ணை மட்டும் போட்டு வைப்பார்கள். மறுத்தால் படத்தையே எடுத்துவிடுவார்கள். உயிரோடு இருப்பவர்களில் நெருங்கிய உறவுதான் கையெழுத்துப் போட முடியும். நான் போட முடியாது. கேட்டுவிட்டேன்.

முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவருடைய பெயர் அவருடைய படத்துக்குக் கீழே வர வேண்டும். நான் உங்களிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை.

சுகப்பிரியா


19-2-2024

சுகப்பிரியாவுக்கு,

கோப்பைப் படித்துவிட்டாய். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளதை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா முதலில் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு பேச்சை நிறுத்தினாள். பிறகு ஒருநாள் பருத்திக் காட்டில் சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு நின்றாள். ஊரே பார்த்தது. அய்யா பேயோட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போனார். அவன் அடித்த அடியில்தான் காது அறுந்தது. மாடு முட்டியது என்று சொல்லிக்கொண்டோம். கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று அந்த விடுதிக்குக் கூட்டிப்போனார். பஸ் ஏற்ற நானும் போனேன். ஒரு மாதமாக வாய் திறக்காதவள் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, "பன்னெண்டாம் வாய்ப்பாடு படிச்சுட்டு இரு. வந்து கேப்பேன்" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் தப்பாகச் சொன்னால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள்.

நாலாம் நாள் அய்யா தனியாக வந்தார். மஞ்சள்காமாலை, மதுரையில் முடிந்துவிட்டது, தத்தனேரியிலேயே எரித்துவிட்டேன் என்றார். நானும் மொட்டை போட்டுக்கொண்டேன். கல்யாணம் ஆகாமல் போனவள் வீட்டைச் சுற்றுவாள் என்று சாமிப்பெட்டி வைத்தார்கள். புதுச் சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி. நீ பார்க்கிற அதே பெட்டிதான். அந்த வருஷம் பருத்தி அப்படி விளைந்தது. குருவம்மா கொடுத்தது என்றார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வந்து கேட்டார்கள், கிடைத்தது. நம் பக்கத்து ஊர்களில் குருவம்மா என்று பெயர் வைத்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

நானும் செத்துப்போனவள் என்றுதான் கும்பிட்டேன். பதினைந்து வருஷம் கும்பிட்டேன். அய்யா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. என் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மோட்டார் ரூமில் உட்கார்ந்து படித்தேன்.

பைத்தியம் தெளிந்து வந்தாள் என்றால் கூட்டி வந்திருப்பேன். பைத்தியம் இல்லாத தெரு எது? ஆனால் அவள் சாமி ஆகிவிட்டாளே. சாமியை எப்படி பஸ்ஸில் கூட்டிவந்து ஸ்டாப்பில் இறக்குவது? அவளுக்கு மொட்டை போட்டவர்களுக்கு, அவள் பேரைப் பிள்ளைக்கு வைத்தவர்களுக்கு, என்ன சொல்வது? எங்கள் அய்யா பொய் சொன்னார், நீங்கள் கும்பிட்டது ஒன்றுமில்லை என்றா? வந்தவளை எங்கே உட்கார வைப்பது? அவள் பெட்டிக்கு முன்னாலா? நீ படித்தவள். நீ சொல்லு.

அந்த போட்டோவை எரிக்கத்தான் எடுத்துப் போனேன். தீக்குச்சியும் கிழித்தேன். கை வரவில்லை. அப்படியே அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய், இறந்துபோன பிள்ளை, நகை போட்டுக் கொடுங்கள் என்றேன். அதை மாட்டிய அன்று வீட்டில் எல்லாரும் அழுதார்கள், சந்தோஷத்தில். உன் அம்மா புதுப்பெண்ணாக வந்து முதல் விளக்கு அதற்குத்தான் ஏற்றினாள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். உன் அம்மா அவளிடமே போய் நேர்ந்துகொண்டாள். மதன் பிறந்தான். இதை வைத்து நான் என்ன நினைக்க?

கையெழுத்துப் போட மாட்டேன். பாலவனத்தத்துக்காரர்கள், குடும்பத்தில் யாருக்காவது மனநிலை சரியில்லாமல் இருந்ததுண்டா என்று நேரடியாகவே கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

தவசி


சென்னை
14-3-2024

அப்பா,

சிவராத்திரிக்கு வந்து இரண்டு நாள் உங்கள் முன்னால் இருந்தேன். நம் இருவருக்கும் இதைப் பற்றித் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. உங்களிடம் சொல்வதென்றால் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். நீங்கள் அதைத் தெரிந்துதான் நடுவாசலில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்குத் தோன்றியது. நேரில் என்றால் இந்தக் கடிதத்தில் உள்ளதில் ஒரு வரிகூட நான் சொல்லியிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

பெட்டியைத் திறந்து புதுச் சேலை வைத்ததும், போன வருஷச் சேலையை வழக்கம்போல வீட்டுக் கன்னிப்பெண்ணுக்கு என்று என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "மெட்ராஸ் போனதும் சாமி சேல பிடிக்கலயாக்கும். இவளுக்குக் கடைல போய் எடுத்துக் குடுங்கப்பா" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தான். அண்ணனுக்குத் தெரியாது. அவன்மேல் கோபமில்லை. நான் பட்டம் வாங்கிய அன்று கட்டியது அந்தப் பெட்டியிலிருந்து வந்த மஞ்சள் சேலையைத்தான். சாமி கொடுத்தது என்று நினைத்துக் கட்டினேன்.

இந்தத் தடவை ஏன் வாங்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். குணமாகி வீட்டுக்குப் போகக் காத்திருந்த பெண்களின் படங்களை 1970-இலிருந்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். பதினோரு பெண்கள். பதினோரு பேரும் ஒரே சேலையைக் கட்டியிருக்கிறார்கள். கட்டம் போட்டது, முந்தானையில் ஒரு ஒட்டு. படம் எடுப்பதற்கென்று விடுதியில் ஒரு சேலை வைத்திருந்திருக்கிறார்கள். படம் எடுத்ததும் அவிழ்த்து வாங்கிக்கொண்டு மறுபடியும் விடுதித் துணியைக் கொடுத்துவிடுவார்கள். அத்தையும் அதைத்தான் கட்டியிருக்கிறார். ஆள் குட்டை, சேலை நீளம். இடுப்பில் மூட்டையாகச் செருகியிருக்கிறார். இங்கே நீங்கள் வருஷம் தவறாமல் புதுச் சேலை வைத்தீர்கள். எந்த வருஷமும் தவறவில்லை. அதை யாராலும் குறை சொல்ல முடியாது.

உங்கள் கார்டு போய்ச் சேர்ந்ததும் அதை அவரிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். கோப்பில் அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்: "அப்பக் கடுதாசி வேற வீட்டுக்குப் போயிருக்கு. தம்பி இப்படி எழுத மாட்டான். இன்னொண்ணு போடுங்க." 1987-இல் போட்டார்கள். 1990-இல் போட்டார்கள். அவை வந்தனவா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். சமையல் கட்டில் அரிசியில் கல் பொறுக்கினார். குணமான பிறகு மொத்தம் பதினேழு வருஷம் அங்கேயே இருந்தார். நோய் என்ற இடத்தில் 1986-க்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் "இல்லை" என்றே எழுதியிருக்கிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டாம் என்றீர்கள், சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை அடுப்படியில். அம்மா வடைக்கு ஆட்டிய மாவை வழித்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "அவ மனுஷியா இருந்து எனக்கு என்னடி குடுத்திருப்பா? சாமியா இருந்துதான் ஒங்கண்ணனக் குடுத்தா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு ஈடு வடை எடுத்தாள். பிறகு திரும்பாமலே, "அங்க வயித்துக்கு ஒழுங்கா ஊத்துனாகளாமா?" என்று கேட்டாள்.

கூடத்தில் அப்போது அண்ணனுக்குப் பார்த்த பெண்ணின் அம்மா தங்கமாரி, அத்தை படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்காது. "எம்புட்டு லட்சணம். இப்படி ஒரு சாமி வீட்ல இருக்கையில எங்க பிள்ளைக்கு என்ன கொற வந்துரும்?"

நான் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அண்ணன் கல்யாணத்தை நிறுத்துவது என் எண்ணமில்லை. கல்யாணத்துக்கு வருகிற யாரும் சென்னைக்கு வந்து இந்தக் கண்காட்சியைப் பார்க்கப்போவதில்லை. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். குருவம்மாள் என்ற பெயர் மட்டும் வரும். நீங்களே எழுதினீர்களே, கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள் என்று. யாருக்கும் தெரியாது. எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும்.

அதற்குமா மாட்டீர்கள்?

உங்களுக்கு மனமே வரவில்லை என்றால் பதில் போடாமலாவது இருங்கள். எண்ணோடு, பட்டையோடு, அந்தப் பெண்கள் வரிசையில் அவரும் இருப்பார். அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சுகப்பிரியா


8-4-2024

சுகப்பிரியாவுக்கு,

உன் அம்மாவிடம் சொல்லி நீ என்ன சாதித்தாய்? பகலில் எப்போதும்போல இருக்கிறாள். விளக்கு ஏற்றுகிறாள். ஆனால் எனக்குச் சோறு வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். முப்பத்தேழு வருஷம் எதிரில் உட்கார்ந்து பரிமாறியவள். என்ன கேட்டாலும் எனக்குக் கேட்காத குரலில்தான் பதில் சொல்கிறாள்.

அக்கா இறந்த தேதியை உன்னிடம் கேட்கச் சொல்லி ஒரு தாளில் எழுதி என் சட்டைப்பையில் வைத்திருந்தாள். எனக்கு எழுத வேண்டாம். அவளிடம் போனில் சொல்லிவிடு.

கல்யாணம் வைகாசியில். பத்திரிகை வைத்திருக்கிறேன். அவள் பேர் வர வேண்டும் என்றாய். மேலே பார். குலசாமி பேருக்கு அடுத்து "ஸ்ரீ குருவம்மாள் துணை" என்று போட்டிருக்கிறது. ஆயிரம் பத்திரிகை. உன் கண்காட்சிக்கு ஆயிரம் பேர் வருவார்களா?

விண்ணப்பத்தையும் வைத்திருக்கிறேன். பதில் போடாமல் இருக்கச் சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கண்ணைக் கட்டிச் சுவரில் மாட்டுவார்கள் என்று நீ எழுதியதை மறுபடி படித்தேன். கோடாங்கி அவள் கண்ணைக் கட்டித்தான் அடித்தான். நான் கதவிடுக்கில் பார்த்தேன். வேண்டாம். அவளை யாரும் பார்க்க வேண்டாம். இரண்டாம் கட்டத்தில் போட்டிருக்கிறேன்.

என்னைக் கெட்டவன் என்று நினைக்கிறாய். நினைத்துக்கொள். அந்த இரண்டு கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. திறந்தால் இன்னொரு போட்டோ இருக்குமோ என்று பயம்.

நாலு நாள் முன்னதாக வந்துவிடு. நாத்தனார் செய்ய வேண்டிய முறை நிறைய இருக்கிறது.

தவசி


சென்னை
29-4-2024

அப்பா,

விண்ணப்பம் வந்தது. "அனுமதி இல்லை" என்ற கட்டத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. மறுப்பதற்கும் உறவுமுறை எழுத வேண்டும் என்று படிவத்தில் இருப்பதை நான் கவனித்திருக்கவில்லை. "உடன்பிறந்த தம்பி" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. தாத்தாவின் கைநாட்டுக்குப் பிறகு இந்தக் கோப்பில் ஐம்பத்துமூன்று வருஷத்தில் குடும்பத்திலிருந்து ஒருவர் அவரை இன்னார் என்று ஒப்புக்கொண்டு எழுதியது இதுதான். அவரைச் சுவரிலிருந்து இறக்குவதற்காக நீங்கள் அவருக்குத் தம்பியானீர்கள். உங்கள் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் முன்னால் அவரே கேட்டபோது ஆகியிருக்கலாம்.

உங்கள் காரணத்தையும் படித்தேன். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிகிறது. அதனால்தான் தாங்க முடியவில்லை. பொய் என்றால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இனி நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். உறவினர் மறுத்துவிட்டால் படத்தோடு கோப்பையும் மூடிவிட வேண்டும் என்பது விதி. ஆளில்லாதவர்களின் கோப்பை யாரும் கேட்டுப் படிக்கலாம். இதுவரை அத்தை கோப்பும் அப்படித்தான் இருந்தது. இப்போது அவருக்கு ஆள் இருக்கிறது. ஆகவே இறந்து எழுபத்தைந்து வருஷம் ஆகும்வரை, 2078 வரை, யாரும் திறக்க முடியாது. நானும்தான். மேலாளர் அம்மா வேறு யாரையாவது செய்யச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று நானே செய்தேன். இரண்டு படங்களையும் அமிலம் படாத தாளில் சுற்றி, கோப்போடு உறையில் போட்டு ஒட்டி, சீல் வைத்தேன். உறையின் மேல் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். 212 என்று எழுதினேன்.

பெண்கள் வரிசையில் அவருக்கு விட்டிருந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. அங்கே 1904-ஆம் வருஷத்துப் பெண் ஒருவரை மாட்டினோம். மோவாயில் கை இருக்கிற படம். அவருக்காக யாரும் மறுக்கவில்லை. இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கேட்க ஆளில்லை. முகம் முழுக்கத் தெரிகிறது. கண்காட்சி நேற்றுத் தொடங்கியது. காலையிலிருந்து நாற்பது பேர்போல வந்தார்கள்.

தேதியை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். 2003 ஆவணி அமாவாசை. அம்மா காலண்டரில் குறித்துக்கொண்டாள். இனி மாசியில் புதுச் சேலையும் உண்டு, ஆவணியில் எள்ளும் தண்ணீரும் உண்டு என்றாள். "ரெண்டும் எப்பிடிம்மா?" என்றேன். "ஒங்கப்பாவக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அண்ணன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. ஈஸ்வரி சித்தி மகள் நாத்தனார் முறை செய்யட்டும், அம்மாவிடம் பேசிவிட்டேன். அண்ணனுக்கு மோதிரம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அன்று மணவறையில் எல்லாரும் என்னைத்தான் தேடுவார்கள். தங்கச்சி எங்கே, உங்கள் பெண் எங்கே என்று உங்கள் காதருகே வந்து சத்தமாகக் கேட்பார்கள்.

கேட்பவர்களுக்கு நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

சுகப்பிரியா